சலவைக் கட்டடத்தில் ஒரு கட்டில்

எந்த அறைக்குள் போனாலும் அக்கா கதவை இரண்டு முறை தட்டுவாள். கதவு ஆவென்று திறந்தே கிடந்தாலும் தட்டுவாள். வலது கையின் நடுவிரலை மடக்கி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, டொக் டொக் என்று இரண்டு. பிறகு மூன்றுவரை எண்ணுவாள். சத்தமாக இல்லை, உதடு லேசாக அசைவதில் தெரியும். மூன்றுக்குள் உள்ளேயிருந்து குரல் வராவிட்டால் இன்னும் ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் ஒரு தோளை முன்னால் விட்டு நுழைவாள்.

பன்னிரண்டு வருஷமாக ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஒரு நாளைக்குப் பதினாலு அறை, அறைக்கு இருபத்திரண்டு நிமிஷம். நாலாவது மாடி முழுக்க அவள் பொறுப்பு. அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் பெயரே ‘நாலாம் மாடி’தான். அவளுக்கு நெருங்கிய சிநேகிதி ஒருத்தி உண்டு, ‘மூணாம் மாடி’. “மூணாம் மாடிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம், பாவம்” என்று அக்கா போனில் பேசுவதைக் கேட்டு, சின்ன வயசில் தம்பி அந்த ஹோட்டலை ஒரு நோயாளியாக நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவள் தட்டுவதற்குக் கதவு இல்லை. ஒரே அறை. நடுவில் ஒரு இரும்பு அலமாரியை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். அலமாரியின் முன்பக்கம் அக்காவுக்கு, முதுகுப்பக்கம் தம்பிக்கு. அவன் பக்கம் வரும்போதெல்லாம் அலமாரியின் விலாவில் தட்டிவிட்டுத்தான் வருவாள். அது டொக் டொக் என்று கேட்காது, டங் டங் என்று கேட்கும். அம்மா அவனுடைய ஆறு வயசில் இறந்துபோனாள். கப்பலில் சமையல் வேலைக்குப் போன அப்பா முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு தபாலில் வந்தார், பிறகு பேச்சில் மட்டும் வந்தார். ஆக, பதினெட்டு வயசுவரை அவனைச் சுற்றி இருந்தது அக்காவும் அலமாரியின் முதுகும்தான்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த நாளிலிருந்து அவன் படிப்பைப் பற்றி யோசித்ததைவிடக் கதவைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். உள்ளேயிருந்து தாழ் போடக்கூடிய ஒரு கதவு. அதற்குப் பின்னால் அவன் ஒருத்தன் மட்டும். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

விடுதி பார்க்கப் போன அன்று காலையில் வீடு ஏற்கெனவே பாதி மூட்டையாகக் கிடந்தது. வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று அக்கா ஒரு வாரமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய பெட்டியையும் அவளே அடுக்கினாள். புத்தகம், துணி, குளிர் காலத்துக் கம்பளிச் சட்டை, ஐந்தாம் வகுப்பில் ஓட்டத்துக்கு வாங்கிய பித்தளைப் பதக்கம்வரை.

“இது எதுக்கு? என்ன, ஒரேயடியா அனுப்பி வைக்கறியா?” என்றான்.

“அங்க போய் ‘அக்கா, அது இல்ல, இது இல்ல’ன்னு போன் பண்ணுவ. எனக்கு மாடிப்படி ஏறவே நேரம் சரியா இருக்கு” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “வீட்டுச் சாவியக் குடு.”

“ஏன்?”

“பஸ்ல எங்கயாவது விட்டுடுவ. ஒன்னு போனா பூட்டையே மாத்தணும். குடுடா, பெரிய மனுஷா.”

கொடுத்தான். அவன் மனசெல்லாம் வேறு ஒரு சாவியின்மேல் இருந்தது.

பல்கலைக்கழக வாசலில் பெட்டியை ஒப்படைத்ததும் ஒரு எழுத்தர் மேஜைமேல் ஏறாத குறையாக நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“எல்லாரும் காது குடுத்துக் கேளுங்க. ஒரு ஆளுக்கு ஒரு விரிப்பு, ஒரு தலையணை உறை. நாலு கட்டடம் இருக்கு. போய்ப் பாருங்க, பிடிச்ச கட்டில்ல விரிச்சிடுங்க. விரிச்ச கட்டில் விரிச்சவனுக்கு. கையில மடிச்சு வச்சுக்கிட்டு ‘நான்தான் முதல்ல பார்த்தேன்’னா இங்க செல்லாது. பேனா, புத்தகம், பாட்டில் வச்சுட்டுப் போறதும் செல்லாது. அந்தந்தக் கட்டடத்துக் காப்பாளர் வந்து பார்த்து நோட்டுல எழுதுவாரு. நாலு மணிக்கு நோட்டு எங்கிட்ட வந்துடும். அதுக்கப்புறம் யாரும் வந்து கண்ணக் கசக்காதீங்க.”

“தனி அறை இருக்கா சார்?” என்று யாரோ ஒரு அம்மா கேட்டாள்.

“பழைய கட்டடத்துல எட்டு இருக்கு. காலு இருக்கிறவனுக்குக் கிடைக்கும்.”

மணி ஒன்றரை. தம்பியின் கால் அப்போதே கிளம்பிவிட்டது. ஆனால் விரிப்பு மூட்டையை வாங்கியது அக்கா. ஒரு முனையைப் பிரித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்லாத் தொவைச்சிருக்காங்க. இஸ்திரிதான் சரியில்ல” என்று சொல்லி, மூட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“எங்கிட்ட குடேன்.”

“கசக்கிடுவ.”

நேராகப் பழைய கட்டடத்துக்குப் போகலாம் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வழியில் முதலில் வருவது எதுவோ அதை முதலில் பார்க்க வேண்டும், விட்டுவிட்டுப் போனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்றாள். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஆரம்பித்தால் மறுகோடியில்தான் முடிப்பது அவள் தொழில் வழக்கம். அன்றைக்குத் தாழ்வாரம் என்பது அரை மைல் நீளப் பல்கலைக்கழகம்.

புதுக் கட்டடத்தில் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அக்கா தட்டினாள், எண்ணினாள், நுழைந்தாள். குழாயைத் திறந்து மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி அடியில் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். ஜன்னல் தாழைப் போட்டு எடுத்தாள். கடைசியாகக் கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். நேராகப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும், அழுக்கு தெரியாது என்பாள். அந்த அறையில் ஏற்கெனவே விரித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன், சோதனை போட அதிகாரி வந்துவிட்டதாக நினைத்து எழுந்தே நின்றுவிட்டான்.

“உக்காருப்பா. உன் கட்டிலுக்கு அடியில யாரோட செருப்போ ஒன்னு இருக்கு. போன வருஷத்துப் பையனுதா இருக்கும்” என்றாள் அக்கா.

தம்பிக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வரும்போது காப்பாளரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “லீவுல மூடுவீங்களா சார்?”

“ரெண்டு லீவுக்கும் மூடுவோம்மா. பூட்டு போட்டுட்டு நானும் போயிடுவேன். பசங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?”

“ஆமா, போகணும்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்தது மைதானத்துக் கட்டடம். அங்கேயும் குழாய், மெத்தை, தாழ், கண்ணாடி. அங்கேயும் அதே கேள்வி. அங்கேயும் மூடுவார்கள். எதிரே பையன்கள் விரிப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் விரிப்பு பிரிந்து தரையில் இழுபட, அதைக் கவனிக்காமலே ஓடினான். அக்கா அவன் பின்னாலேயே நாலடி போய், “தம்பி, வாலு இழுபடுது பாரு” என்று கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பார்வை வாசல் கடிகாரத்தின் பெரிய முள்ளில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டரை.

“லீவுல மூடினா உனக்கென்ன?” என்று வழியில் கேட்டான். “லீவுல நான் வீட்டுக்கு வரக்கூடாதா?”

“யாரு வரக்கூடாதுன்னா? கேட்டு வச்சுக்கறதுல என்ன வந்தது?”

“அதையே கேட்டுக்கிட்டிருக்க.”

“நான் ஒன்னு கேக்கறேன். நீ வாயத் திறந்து ஒன்னாவது கேட்டியா?”

அது உண்மை. காலையிலிருந்து அவன் அக்காவைத் தவிர ஒருத்தரிடமும் பேசியிருக்கவில்லை.

பழைய கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் தனி அறைகள் வரிசையாக இருந்தன. ஏழு கதவுகள் சாத்தியிருந்தன, உள்ளே கட்டில் இழுக்கும் சத்தம். கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது. அக்கா தட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

சின்ன அறை. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஒரு கட்டில், ஒரு மேஜை, நாற்காலியில் ஒரு கால் குட்டை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் வெறும் சுவர், அதில் யாரும் வரையாத ஒரு வெயில் சதுரம். அவன் கதவைச் சாத்தித் தாழைப் போட்டுப் பார்த்தான். இரும்புத் தாழ், எண்ணெய் காணாதது. கர்ரென்று போய் உட்கார்ந்தது. திறந்தான். மறுபடி போட்டான். அவ்வளவு நேரமும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தில் நின்றது. வெளியே மாட்டிக்கொண்ட அக்கா தட்டினாள். டொக் டொக்.

திறந்ததும் அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். “ஜன்னல் தாழ் ஆடுது. மெத்தையில நடுப்பள்ளம். சுவத்துல ஈரம் ஏறியிருக்கு.”

“அக்கா, விரிச்சிடு. எனக்கு இது போதும்.”

அவள் காப்பாளரைத் தேடிக்கொண்டு படியிறங்கினாள். அவன் பின்னாலேயே இறங்கினான். மூடுவார்கள். பெரிய லீவுக்கு மட்டுமில்லை, நாலு நாள் லீவுக்கும் மூடுவார்கள்.

“இன்னும் ஒன்னுதானேடா பாக்கி. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்” என்றாள்.

“வேற யாராவது விரிச்சுட்டா?”

“மூணு மாடி ஏறி எவன் வரப்போறான்? பத்து நிமிஷம். ரூமு எங்கயும் எழுந்து ஓடிடாது.”

அப்போதே மூட்டையைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்குகிற சுபாவம் அவனுக்கு இல்லை. ஓடிப்போய், மூன்று மாடியும் மறுபடி ஏறி, தன் கைக்குட்டையை நாலாக மடித்து மெத்தையின் நடுப்பள்ளத்தில் வைத்துவிட்டு வந்தான். செல்லாது என்று தெரிந்தேதான் வைத்தான்.

நாலாவது, சலவைக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்கப் பல்கலைக்கழகத்தின் சலவைக்கூடம், அதற்கு மேலே இரண்டு மாடி விடுதி. வாசலிலேயே நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. தரைக்குள்ளிருந்து இயந்திரங்களின் ஹூம் சத்தம் உள்ளங்காலில் ஏறியது. வந்த பையன்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். அக்கா மட்டும் மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். காலையிலிருந்து காதுவரை தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் இரண்டும் அங்கே இறங்கின.

காப்பாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நோட்டைக் கையிடுக்கில் வைத்திருந்தார். கேள்வி போனது. பதில் வந்தது.

“இது மூடுற கட்டடமே இல்லம்மா. ஆராய்ச்சிப் பசங்க சிலபேர் வருஷம் பூரா இங்கதான் கிடக்கறாங்க. கீழ மெஷின் நிக்காது, மேல நான் நகர மாட்டேன். லீவு கீவு ஒன்னும் கிடையாது.”

“அப்படியா” என்றாள் அக்கா. “விரிப்பெல்லாம் எவ்வளவு சூட்டுல தொவைக்கிறீங்க?”

“அறுபது.”

“எங்க ஹோட்டல்ல எழுபது.”

“எழுபதுல துணி சீக்கிரம் செத்துடும்மா.”

“அறுபதுல கறை சாகாதே சார்.”

பேச்சு அப்படிப் போய்க்கொண்டிருந்தது. நாலு கட்டில் போட்ட அறையின் வாசலில் நின்று இருவரும் பேசினார்கள். உள்ளே மூன்று கட்டில்களில் விரிப்பு கிடந்தது, ஜன்னலோரக் கட்டில் காலி. தம்பி தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்க்கப் போனான். மூன்று இருபது. இங்கிருந்து பழைய கட்டடத்துக்கு ஏழு நிமிஷம், ஓடினால் நாலு. திரும்பி வந்தான்.

ஜன்னலோரக் கட்டில் விரித்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நாலு மூலையும் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கடியில் செருகியிருந்தது. தலையணை உறையின் திறந்த வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இன்னமும் காப்பாளரோடு எழுபது டிகிரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காப்பாளர் கண்ணாடியை இறக்கிக் கட்டிலையே பார்த்தார்.

“முப்பது வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒரு கட்டில நான் பார்த்ததில்ல” என்று சொல்லி, நோட்டைப் பிரித்து எழுதிவிட்டார். “பையன் பேரு?”

அக்காதான் சொன்னாள். எழுதி முடித்ததும் காப்பாளர் அடுத்த அறைக்குப் போனார்.

“வேணும்னே பண்ணின” என்றான் தம்பி. குரல் உயரவில்லை. அவன் கோபம் எப்போதும் தாழ்ந்துதான் வரும்.

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். “கை பண்ணிடுச்சுடா. பேசிக்கிட்டே இருந்தேனா...”

“கைக்கு நீ சொல்லலியா?”

“பன்னெண்டு வருஷமா அது என்னைக் கேட்டுப் பண்றதில்ல.”

அவன் விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொரு கையையும் சேர்த்து இழுத்தான். மெத்தைதான் கொஞ்சம் நகர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரன் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து, “காப்பாளர் நோட்டுல ஏறிடுச்சே நண்பா. மாத்தணும்னா மத்த கட்டடத்துல கட்டில் காலியா இருக்குன்னு அங்க சீட்டு வாங்கிட்டு வரணும். நாலு மணிக்குள்ள” என்றான்.

தம்பி ஓடினான். ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் அவன் அப்படி ஓடியதில்லை. எதிரே வந்த பெட்டிகள், அப்பாக்கள், ஒரு மரம், எல்லாம் பக்கவாட்டில் பறந்தன. மூன்று மாடியும் மூச்சு விடாமல் ஏறினான். கடைசிக் கதவு சாத்தியிருந்தது. ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. தள்ளித் திறந்திருக்கலாம். தட்டினான். டொக் டொக். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது.

“யாரு?”

கர்ரென்று தாழ் விலகியது. வாய் நிறைய பிஸ்கட்டோடு ஒரு பையன் நின்றான். அவனுக்குப் பின்னால் கட்டில்மேல் விரிப்பு கோணல்மாணலாக, ஒரு பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. விரித்த கட்டில், விரித்தவனுடையது.

“என்ன வேணும்?”

“ஒன்னுமில்ல. ஒரு கைக்குட்டை...”

“ஓ, இது உன்னுதா?” மேஜைமேலிருந்து எடுத்துக் கொடுத்தான். “மெத்தை மேல இருந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். பிஸ்கட் எடுத்துக்கோ.”

ஒன்று எடுத்துக்கொண்டான். படியில் உட்கார்ந்து அதைக் கடைசிவரை மென்றான்.

அவன் திரும்பி வந்தபோது மணி நாலேகால். அக்கா சலவைக் கட்டடத்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனுடைய பெட்டியைத் தனியாளாக மாடிக்கு ஏற்றி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள்.

“கெடச்சுதா?”

“இல்ல.”

அவள் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு இன்னும் எரிச்சல் வந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“மூணு பேர் கூட இருக்கானுங்க. ஒருத்தன்கிட்டயாவது பேசு. குறட்டை விடறவன் எவன்னு முதல் நாளே தெரிஞ்சுடும். பதக்கம் வலது மூலையில, சட்டைக்குக் கீழ வச்சிருக்கேன்.”

“சரி.”

“லீவுக்கு அங்க வந்து நிக்காத. லீவு சமயம்தான் ஹோட்டல்ல கூட்டம் பிச்சுக்கும். நான் வீட்டுல இருக்கவே மாட்டேன். நானே உன்னை வந்து பார்க்கறேன்.”

“நான் ஒன்னும் வரல, போ.”

பஸ் ஏறும்போது அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்னபடியே அவள்தான் வந்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ரொட்டியும் ஹோட்டல் சோப்புக் கட்டிகளும் எடுத்துக்கொண்டு. அறை வாசலில் நின்று தட்டுவாள். மூன்று பையன்களும் ஒரே குரலில், “உள்ள வாங்க, அக்கா” என்பார்கள். இவன் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வீட்டைப் பற்றிக் கேட்டால், “வெள்ளையடிச்சுட்டாங்க, பளிச்சுன்னு இருக்கு” என்பாள். முதல் லீவில் மற்ற மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். அவன் சொன்ன சொல்லுக்காக அங்கேயே இருந்தான். நாலு கட்டில் அறை பன்னிரண்டு நாள் அவன் ஒருத்தனுடையதாக இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தான். இரண்டாவது நாளே திறந்து வைத்துவிட்டான்.

மூன்றாவது நாள் பழுது பார்ப்பதற்காகக் கீழே இயந்திரங்களை நிறுத்தினார்கள். உள்ளங்காலில் அந்த ஹூம் இல்லாமல் அவனுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்குப் போனான்.

வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டினான். தெரியாத ஒரு பெண் திறந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. அவளுக்குப் பின்னால் அலமாரி இருந்த இடத்தில் ஒரு தொட்டில். கீழே கடை வைத்திருந்த தையல்காரர்தான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“உனக்குச் சொல்லலியா? நீ காலேஜுக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையிலயே, உன்னை முன்னால நடக்க விட்டுட்டு, உங்க அக்கா ரெண்டு சாவியையும் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுத்தானே பஸ் ஏறினா. ‘ரெண்டு பேருக்குத்தாண்ணே வீடு, ஒருத்திக்கு எதுக்கு’ன்னா. அலமாரிய எனக்குத்தான் குடுத்தா. அதோ, பாரு.”

கடையின் மூலையில், துணிச் சுருள்களைச் சுமந்துகொண்டு அது நின்றது. அவன் அதன் விலாவைத் தொட்டுவிட்டு எழுந்தான்.

ஹோட்டலின் பின்வாசலில் மூணாம் மாடியைப் பிடித்துக் கேட்டபோது மீதியும் தெரிந்தது. அக்கா இருப்பது ஹோட்டலுக்குப் பின்னால் ஊழியர் விடுதியில். எட்டுப் பெண்கள் இருக்கும் அறை, கதவோரம், மேல் கட்டில். தம்பிக்குக் கட்டில் பார்க்கப் போனதற்கு முந்தின நாள், இரண்டு அறைகளுக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் ஓடிப்போய், அவள் அதில் தன் விரிப்பை விரித்துவிட்டு வந்திருந்தாள்.